மார்லிஸின் நாலு மில்லிகிராம்

மார்லிஸ் டோலஃப்சனுக்குத் தங்கையைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். தங்கை மேல் அவளுக்கு உயிர். தங்கைக்குக் காய்ச்சல் என்றால் சூப் பாத்திரத்தோடு முதலில் போய் நிற்பவள் அவள்தான். தங்கை நன்றாக இருக்கும்போதுதான் அவளால் தாங்க முடியாது. இந்த வியாதிக்கு எங்கள் ஊர் மருத்துவமனையில் மருந்து கிடையாது. மற்ற எல்லா வியாதிக்கும் ஏதாவது ஒரு புட்டி வைத்திருக்கும் மார்லிஸின் கடையிலும் கிடையாது.

கடை ஹால்வரின் பெரிய தெருவில், வங்கிக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. வைட்டமின் மாத்திரை, மூலிகைத் தேநீர், மூட்டுவலித் தைலம், வாசலருகே ஒரு தட்டு நிறைய வெர்ன் வளர்க்கும் தேனீக்களின் தேன். வெர்ன் அவள் கணவன். சோளமும் சோயாவும் போடுகிறவன். வார்த்தைக்கு வரி கட்டுகிறவன் போலப் பேசுவான். ஹால்வர் அயோவா மாநிலத்தின் வட ஓரம். வடக்கே எட்டு மைல் போனால் தார்ச்சாலையின் நிறம் மாறும், அதற்கப்பால் மினசோட்டா. நிறம் மாறிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஏரிக்கரையில், ட்ரூடியின் கடை. ட்ரூடிதான் அந்த ஒரே தங்கை. தூண்டில், மண்புழு, ஐஸ், பீர் விற்பாள்.

சின்ன வயதில் மார்லிஸ் ஒரு கன்றுக்குட்டி வளர்த்தாள். பால் புகட்டியது, சாணி அள்ளியது, தினமும் பிரஷ் போட்டது எல்லாம் அவள். மாவட்டக் கண்காட்சி அன்று அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அரங்கைச் சுற்றி வர ட்ரூடியை அனுப்பினார்கள். ட்ரூடி எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி ஒரு சுற்று நடந்தாள், முதல் பரிசான நீல ரிப்பன் கிடைத்துவிட்டது. அந்த ரிப்பன் இன்றைக்கும் ஏரிக்கரைக் கடையில் கல்லாவுக்கு மேல் தொங்குகிறது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் ஒரே அம்மாவின் பக்குவத்தில்தான் லெஃப்சே என்ற உருளைக்கிழங்கு ரொட்டி சுடுகிறார்கள். சாப்பிடுகிறவர்கள் ட்ரூடி சுட்டதுதான் மிருது என்கிறார்கள். மார்லிஸ் ஒருமுறை தட்டுகளை மாற்றி வைத்துப் பார்த்தாள். அப்போதும் ட்ரூடியின் தட்டில் இருந்ததைத்தான் மிருது என்றார்கள். இப்படி ஒரு பிறவியோடு கூடப் பிறந்தவள் என்னதான் செய்வாள்?

இந்த ஹெம்ப் விவகாரத்தை முதலில் தொடங்கியது மார்லிஸ்தான். இதை ஊரில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அவள் கேட்பது அவ்வளவுதான். ஹெம்ப் என்பது கஞ்சாவின் கூடப்பிறந்த தங்கச்சி. ஒரே குடும்பம், குணம் மட்டும் சாது. காய்ந்த எடையில் ஆயிரத்துக்கு மூன்று பங்குக்கு மேல் டி.எச்.சி. என்ற கிறுகிறுப்புச் சத்து இல்லாவிட்டால் அது கஞ்சாவே இல்லை, வெறும் பயிர் என்று வாஷிங்டனில் சட்டம் போட்டார்கள். பயிர் என்று ஆனதும் அதிலிருந்து எண்ணெய் வந்தது, மிட்டாய் வந்தது. மிட்டாய் கனமாக இருந்தால் ஆயிரத்துக்கு மூன்று பங்கே ஒரு ஆளைத் தூங்க வைக்கப் போதும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் கண்டுகொண்டார்கள். மார்லிஸ் அந்த மிட்டாயை வாங்கி அடுக்கினாள். இடுப்பு தேய்ந்த விவசாயிகள் சந்தேகத்தோடு ஒன்று வாங்கிப் போய், மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போனது.

அந்தக் காலத்தில் ட்ரூடி ஒருநாள் வந்து, ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, இதை எப்படி விற்கிறாய், யார் வாங்குகிறார்கள், லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு போனாள். மார்லிஸும் பெருமை பொங்கச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்து மினசோட்டாவும் சட்டம் போட்டு அனுமதித்தது. ட்ரூடி மண்புழுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குளிர்பெட்டி வைத்து டி.எச்.சி. சோடா டின் அடுக்கினாள். புழு வாங்க வந்தவன் சோடாவும், சோடா வாங்க வந்தவன் புழுவும் வாங்கிப் போனான்.

அதோடு நின்றிருந்தால் மார்லிஸ் எப்படியோ சகித்துக்கொண்டிருப்பாள். அயோவா சட்டத்தை இறுக்கியதுதான் அவள் வயிற்றில் மண்ணை அள்ளிப் போட்டது. இனிமேல் ஒரு வேளைக்கு நாலு மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்குப் பத்து, அவ்வளவுதான். மினசோட்டாவில் வேளைக்கு ஐந்து, மிட்டாய்ப் பொட்டலத்துக்கு ஐம்பது. நாலுக்கும் ஐந்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் பொட்டலத்தைப் பார்க்க வேண்டும். மார்லிஸ் கடைப் பொட்டலத்தில் இரண்டே மிட்டாய். குலுக்கினால் பட்டாணி மாதிரி உருண்டு சத்தம் போடும். ட்ரூடியிடம் அதே அளவுப் பொட்டலத்தில் பத்து. அதோடு அவள் விற்கும் சோடா டின் ஒன்றிலேயே பத்து மில்லிகிராம். தெற்கே இறங்கினால் அது குற்றம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இங்கே கரையும் இல்லை, ஆறும் இல்லை, சாலையில் ஒரு நிற மாற்றம்தான்.

வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வடக்கே திரும்பினார்கள். கடைசியாகப் போனவர் ஆர்லோ ஸ்விகம் என்ற பன்றிப் பண்ணைக்காரக் கிழவர். அவர் யோக்கியமானவர், சொல்லிவிட்டுத்தான் போனார்.

"கோவிச்சுக்காத மார்லிஸ். உன் மிட்டாய வாயில போட்டா பல்லுக்குத்தான் வேலை. உன் தங்கச்சி டின்ன ஒடைச்சா, நான் எப்பப் படுத்தேன்னே எனக்குத் தெரியல."

அதற்குப் பிறகு மார்லிஸ் சட்டம் படிக்க ஆரம்பித்தாள். தன் மாநிலச் சட்டத்தை இல்லை, அது அவளுக்கு மனப்பாடம். அவள் படித்தது மினசோட்டா சட்டத்தை. மொத்தத்தையும் அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, ட்ரூடி எங்கே சறுக்குவாள் என்று வரிவரியாகத் தேடினாள். குழந்தைகள் ஆசைப்படும்படி மிருக வடிவத்தில் மிட்டாய் இருக்கக் கூடாது என்று ஒரு விதி. மீன்பிடிக் கடையில் மீன் வடிவ மிட்டாய் இல்லாமலா இருக்கும் என்று சந்தோஷமாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். சதுரம். எல்லாம் சதுரம். இருபத்தொரு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று இன்னொரு விதி. ட்ரூடி எண்பதைத் தாண்டிய ஆர்லோவிடமே அடையாள அட்டை கேட்டுச் சிரிக்க வைத்தாள். லேபிள், எச்சரிக்கை, பரிசோதனைச் சான்று எல்லாம் கச்சிதம். ஏன் கச்சிதமாக இருக்காது? சந்தேகம் வந்த போதெல்லாம் ட்ரூடி அக்காவுக்குத்தானே போன் போட்டுக் கேட்டாள்! தான் சொல்லிக்கொடுத்ததில் தப்புக் கண்டுபிடிக்க எட்டு மைல் போய் வந்த ஒரே ஆள் எங்கள் மாவட்டத்தில் மார்லிஸ்தான்.

ஜூலையில் ஏரியில் மீன்பிடிப் போட்டி நடந்தது. அன்று சனிக்கிழமை. மத்தியானம் வரை மார்லிஸ் கடைக்கு வந்தது ஒரு தபால்காரியும் ஒரு ஈயும். அப்போது ட்ரூடி கூப்பிட்டாள்.

"அக்கா, பை தீந்துபோச்சு. கூட்டம் நெரியுது. உன் கடையில சும்மா கெடக்கற பை இருந்தா ஒரு கட்டு குடுத்தனுப்பேன்."

'சும்மா கெடக்கற' என்ற சொல் மார்லிஸின் காதில் ஊசியாக இறங்கியது. ட்ரூடி அதை நினைத்துச் சொல்லவில்லை. நினைத்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பதிலுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம். மார்லிஸ் பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு தானே போனாள். பைகளில் அவள் கடைப் பெயர் பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது. அரை மணி நேரம் அவள் ட்ரூடியின் வாசலில் நின்று பார்த்தாள். அயோவா நம்பர் போட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. அவளுடைய பழைய வாடிக்கைக்காரர்கள், அவளுடைய பையில், ட்ரூடியின் டின்னைப் போட்டுக்கொண்டு, அவளுக்கே கை அசைத்துவிட்டுப் போனார்கள். ட்ரூடி உள்ளிருந்து, வெயிலில் ஏன் நிற்கிறாய், உள்ளே வந்து ஒரு டின் குடி, உனக்குத்தான் தூக்கமே வரமாட்டேன் என்கிறதே என்று அன்பாகக் கூப்பிட்டாள். மார்லிஸுக்குத் தூக்கம் வராமல் இருந்தது உண்மைதான். ஏன் வரவில்லை என்று ட்ரூடியிடமா சொல்ல முடியும்?

திங்கட்கிழமை காலை அவள் அயோவா மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பெயர் சொல்லவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு புழுக்கடையில் பத்து மில்லிகிராம் டின்னை நம் மாநிலத்து ஆட்களுக்கு அள்ளி விற்கிறார்கள் என்றாள். போனில் இருந்தவன் கொட்டாவி விடாத குறையாக, அந்தப் பக்கம் எங்களுக்கு அதிகாரம் இல்லையே அம்மா என்றான். அதோடு வைத்திருக்கலாம். ஆனால் விஷயத்துக்குக் கனம் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தப் பக்கத்தோடு நிற்கவில்லை, அந்த டின் எல்லாம் ஹால்வருக்குள்ளேயே தாராளமாகப் புழங்குகிறது, கடை வரைக்கும் வந்துவிட்டது என்று ஒரு போடு போட்டாள். அவன் உடனே சுறுசுறுப்பாகி, அப்படியானால் நாங்கள் வந்து பார்க்கிறோம் என்றான். மார்லிஸ் திருப்தியாக போனை வைத்துவிட்டுக் காபி போட்டுக்கொண்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும். ஹால்வரில் ஹெம்ப் விற்கப் பதிவு செய்த கடை ஒன்றே ஒன்றுதான். அது வங்கிக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அடுத்தவள் கடையையே நினைத்துக் கொண்டிருந்தவளுக்குத் தன் கடை நினைவுக்கு வரவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மாநில ஆய்வாளர் வந்தாள். பெக்வித் என்று பெயர், சின்னப் பெண், மூக்கில் மச்சம். மார்லிஸ் அவளை விருந்தாளி போல வரவேற்றாள். ட்ரூடியைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருக்கிறாள் என்ற நினைப்பு. காபி கொடுத்தாள், எலுமிச்சை கேக் துண்டு கொடுத்தாள், தன் அலமாரியைப் பெருமையாகக் காட்டினாள். பெக்வித் ஒவ்வொரு பொட்டலமாகப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்கான கடையை நான் பார்த்ததே இல்லை என்றாள். மார்லிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

பிறகு பெக்வித், பின்னால் குளிர்பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சாப்பாடு வைக்கிற பெட்டிதான், தாராளமாகப் பாருங்கள் என்று மார்லிஸே கதவைத் திறந்து விட்டாள். ஊறுகாய் ஜாடிக்கும் வெர்ன் சாப்பிடும் உலர்ந்த தொத்திறைச்சிக்கும் பின்னால் ஒரு காகிதப் பை இருந்தது. பச்சை எழுத்தில் மார்லிஸின் கடைப் பெயர். பெக்வித் பையை மேசை மேல் வைத்துத் திறந்தாள். உள்ளே ஆறு டின். ஒவ்வொன்றிலும் பத்து மில்லிகிராம் என்ற எழுத்து. ஒவ்வொன்றின் தலையிலும் ட்ரூடி கடையின் மீன் படச் சீட்டு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மார்லிஸ் டின்னைப் பார்க்கவில்லை, பையின் வாயைப் பார்த்தாள். அது மூன்று மடிப்பு மடித்து, ஓரத்தைக் காது மாதிரித் திருகி விட்டிருந்தது. விதை மூட்டையோ ரொட்டிப் பையோ, உலகத்தில் எந்தப் பையையும் அப்படி மூடுகிறவன் ஒருவன்தான். அவனோடு அவள் முப்பத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

பெக்வித்தின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் நிதானமாகவே பேசினாள்.

"இது யாரோடதும்மா? வீட்டு ஆளு யாராவது தனக்குன்னு வாங்கி வெச்சதா? அப்படின்னா பேர எழுதிக்கிட்டு, எச்சரிக்கை குடுத்துட்டுப் போயிடுவேன். இல்ல, இந்த மீன் படம் போட்ட கடைக்காரங்க விக்கறதுக்குன்னு உங்களுக்கு அனுப்பினதா? அது பெரிய விஷயம். அவங்க மாநிலத்துக்கு எழுதணும், அவங்க லைசென்ஸ் நிக்காது."

கேட்ட வரம் கைமேல் வந்து நின்றது. 'என் தங்கச்சிதான் அனுப்பறா' என்று மூன்று வார்த்தை போதும். ஏரிக்கரைக் குளிர்பெட்டி காலி. அயோவா வண்டிகள் எல்லாம் திரும்பி வந்துவிடும். மார்லிஸ் வாயைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. பாசம்தான் வந்து தடுத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது இல்லை. அப்படிச் சொன்னால், மார்லிஸ் கடை ட்ரூடி அனுப்பும் சரக்கில்தான் பிழைக்கிறது என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிடும். சாகும் வரை அதை அழிக்க முடியாது. அடுத்தது உண்மை. என் வீட்டுக்காரர் வாங்கி வைத்தது என்று சொன்னால் வெறும் எச்சரிக்கையோடு முடியும். ஆனால் மார்லிஸின் புருஷனே மார்லிஸின் சரக்கை விட்டு ட்ரூடியிடம் போகிறான் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்குத் தன் கடைக்கே தீ வைத்துவிடலாம்.

"என்னுது" என்றாள் மார்லிஸ்.

"நீங்க வாங்கினதா?"

"என்னுதுன்னு சொல்லிட்டேனே. எழுதிக்க."

பதிவு செய்த கடைக்காரியே தடை செய்த சரக்கைத் தன் கடைக்குள், தன் பையில் போட்டு வைத்திருந்தால் பதிவு ரத்து. பெக்வித் வருத்தத்தோடுதான் எழுதினாள். டின்களை முத்திரை போட்டு எடுத்துக்கொண்டாள். அலமாரியில் இருந்த மிட்டாய்ப் பொட்டலங்களையும் பெட்டியில் கட்டச் சொன்னாள். சாப்பிட்ட கேக் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். பெட்டி கட்டும்போது பொட்டலங்கள் கடகடவென்று சத்தம் போட்டன. அன்றைக்கு அந்தச் சத்தம் மார்லிஸுக்குத் தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலக் கேட்டது.

சாயங்காலம் வெர்ன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் அவனுக்கு எட்டிவிட்டது. முடிதிருத்தும் கடைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தால் எதுவும் எட்டாமல் இருக்காது. மார்லிஸ் மாட்டிறைச்சிக் கேசரோலை அவன் தட்டில் சட்டென்று வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"குளிர்காலத்துலேருந்து. முட்டி வலி."

"என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? கடைக்காரி வீட்டுல இருக்கேன். வீட்டுல விளக்கெரியும்போது வெளியில நெருப்பு வாங்கப் போவாங்களா?"

வெர்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"உன் மிட்டாய மூணு மாசம் தின்னேன் மார்லிஸ். வலி கேக்கல. அத உன்கிட்ட சொன்னா, அவளுதுக்கு வலி கேக்குதுன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அத நீ தாங்கமாட்ட. அதான் ஒளிச்சு வெச்சேன். உன் கடையிலேயே வெச்சா நீ தேடமாட்டேன்னு நெனச்சேன். நீ எப்பவும் அவ கடையத்தானே பாத்துக்கிட்டு இருக்க."

மார்லிஸுக்குக் கோபம் வந்த வேகத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் பொய்யாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துவிட்டு, ஆறுவதற்குள் சாப்பிடு என்றாள்.

வெர்ன் வெள்ளிக்கிழமையே வடக்கே போய் ட்ரூடியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவன் சொன்னதில் ட்ரூடிக்குப் புரிந்தது ஒன்றுதான்: அக்கா தன்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஹால்வர் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் எல்லோரும் காபிக் கோப்பையோடு நின்றபோது, ட்ரூடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். எங்கள் ஊரில் யாரும் யாரையும் அவ்வளவு சுலபமாகக் கட்டிப்பிடிக்க மாட்டார்கள். ட்ரூடி கட்டிப்பிடித்தாள். அழவும் செய்தாள். மார்லிஸின் கைகள் கொக்கியில் மாட்டிய கோட்டின் கைகள் போலத் தொங்கின.

"நீ என் பேர ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தெருவுல நிக்கணும் அக்கா. உன் பொழப்பையே குடுத்துட்டியே எனக்காக."

சுற்றி நின்ற பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். ஆர்லோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். ட்ரூடி கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

"யாரோ போன் பண்ணிப் போட்டுக் குடுத்திருக்காங்களாம், முடிவெட்டற கடையில பேசிக்கறாங்க. எவளோ வயித்தெரிச்சல் புடிச்சவ. அவ எங்க இருந்தாலும் நல்லாவே இருக்கமாட்டா. இல்லையா அக்கா?"

"ஆமா" என்றாள் மார்லிஸ். "இருக்கமாட்டா."

அதைவிட உண்மையான ஒரு பேச்சு அந்த அடித்தளத்தில் பேசப்பட்டதில்லை. மார்லிஸ் காபியைக் குடித்தாள். அது ஆறிப்போயிருந்தது. எல்லோரும் இப்போது ட்ரூடியைத் தட்டிக்கொடுத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதிவு போனது மார்லிஸுக்கு, அழுகைக்கு ஆறுதல் கிடைத்தது ட்ரூடிக்கு. கன்றுக்குட்டிக் கதையேதான்.

ட்ரூடி நன்றி கெட்டவள் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அக்காவுக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று, மார்லிஸின் தேன் பாட்டிலை வண்டி நிறைய வாங்கிக்கொண்டு போய்த் தன் கல்லாவில், நீல ரிப்பனுக்கு நேர் கீழே அடுக்கினாள். தேனுக்கு எந்த மாநிலத்திலும் மில்லிகிராம் கணக்கு இல்லை, எல்லை தாண்டலாம். அடுத்த வாரமே போன் வந்தது. தேன் தீர்ந்துவிட்டது, இன்னும் இருக்கிறதா, ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மார்லிஸ் தன் கடை வாசலருகே இருந்த தட்டைப் பார்த்தாள். அதில் போன வருஷத் தேன் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை வெர்ன் வண்டியை ஓட்ட, அவள் தேன் பெட்டியோடு வடக்கே போனாள். ஏரி வெயிலில் மின்னியது. வெர்ன் பெட்டிகளை உள்ளே சுமந்தான். ட்ரூடி ஓடி வந்து அக்காவைக் கடை வாசல் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு டின்னை உடைத்துக் கையில் திணித்துவிட்டுக் கல்லாவுக்கு ஓடினாள். இந்தப் பக்கம் உட்கார்ந்து குடித்தால் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. அது மார்லிஸைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை வாசனை. ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு வாய்.

கொஞ்ச நேரத்தில் ஆர்லோ ஒரு புழு டப்பாவும் ஒரு தேன் பாட்டிலுமாக வெளியே வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தார்.

"மார்லிஸ், இந்தத் தேன வாங்கிப் பாரு. என் ஆயுசுல இப்படி ஒரு தேன் தின்னதில்ல. எங்கேருந்துதான் புடிக்கறாளோ உன் தங்கச்சி."

பாட்டிலின் அந்தப் பக்கத்தில் மார்லிஸின் கடைப் பெயர் இருந்தது, பச்சை எழுத்தில். அவர் பாட்டிலைத் திருப்பவில்லை. பதினோரு வருஷமாக அவள் கடைக்கு வந்து போகும்போதெல்லாம் கோட்டுக் கையால் இடித்துக்கொண்டு போன அதே பாட்டில். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று மார்லிஸ் நினைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நானும் கேள்விப்பட்டேன்" என்றாள்.

தோளில் இருந்த இறுக்கம் மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. முட்டி லேசானது. எத்தனையோ மாதங்களாக மண் விழுந்தது போலக் கண்ணை எரித்துக்கொண்டிருந்த அந்தத் தூக்கமின்மை எங்கோ கரைந்து போனது. உள்ளே வெர்னும் ட்ரூடியும் பெட்டியை இறக்கியபடி எதற்கோ சிரிப்பது கேட்டது. முதல்முறையாக அது அவளைக் குத்தவில்லை. கையில் இருந்த டின்னைத் திருப்பி, தலையில் ஒட்டியிருந்த மீனைப் பார்த்தாள். நல்ல சரக்கு. சந்தேகமே இல்லை, நல்ல சரக்கு.

ட்ரூடி கதவில் தலை நீட்டி, எப்படி இருக்கிறது அக்கா என்று கேட்டாள்.

மார்லிஸ் டின்னின் அடியில் இருந்த கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றாள்.